நம்ம ஆளு

அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அவளுக்குப் பெயர் கத்தரி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் கத்தரி. தலைமை நர்சாகி இத்தனை வருடத்தில் அந்தப் பட்டப்பெயர் காதில் விழாமலா இருக்கும்? விழுந்தது. விழாத மாதிரி இருப்பதில் ஒரு சுகம் இருந்ததால் அப்படியே விட்டுவிட்டாள்.

அவள் பையில் மூக்கு வளைந்த பெரிய கத்தரிக்கோல் ஒன்று எப்போதும் இருக்கும். தோலைத் தொடாமல் துணியை மட்டும் வெட்டுகிற கத்தரி. மயங்கியோ, அடிபட்டோ, காய்ச்சலில் துவண்டோ அந்த வாசலைத் தாண்டிப் படுத்த நிலையில் வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் வேலை உடுப்பைக் கழற்றுவது. கழற்ற முடியாவிட்டால் வெட்டுவது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை முன்னால் பார்த்து, பிறகு புரட்டிப் பின்னால் பார்த்து, அக்குள், தொடை இடுக்கு, விரல் சந்து என்று ஓர் இடம் பாக்கி வைக்காமல் பார்த்த பிறகுதான் போர்வை. அந்த வழக்கத்தை அங்கே கொண்டுவந்தவள் அவள்தான். முன்பு ஒருமுறை, தலைசுற்றல் என்று வந்த ஓர் ஆளுக்கு எல்லோருமாகச் சேர்ந்து சர்க்கரை பார்த்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள், கண்ணில் விளக்கடித்தார்கள். அவன் போட்டிருந்தது கறுப்புச் சட்டை. அதற்கடியில் முதுகில் கத்தி இறங்கிய காயம் சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருந்தது. அவன் போய்ச் சேர்ந்த பிறகுதான் புரட்டினார்கள்.

"துணி பொய் சொல்லும், தோல் சொல்லாது" என்று புதிதாகச் சேருகிற டாக்டர், நர்ஸ் அத்தனை பேருக்கும் சொல்வாள். கோட்டும் சூட்டுமாக வந்து விழுந்த ஒரு வங்கி மேலாளர், கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி "என் கோட்டு எங்கே?" என்பதுதான். "உசிரு இருக்கு சார். கோட்டு தைச்சுக்கலாம்" என்றாள் இவள். அதை அந்த ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி கண்ணே என்பார்கள். இவள் விஷயத்தில் அது பலித்தது.

அவளுடைய கணவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுநர். சாதுவான மனிதர், கூச்சம் என்றால் அப்படியொரு கூச்சம். மகளைக் கட்டிக் கொடுத்து அனுப்பிய பிறகும், வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான் என்ற பிறகும், பனியன் இல்லாமல் மனைவி எதிரில் நின்றது கிடையாது. குளித்துவிட்டு முழு உடுப்போடுதான் கதவைத் திறப்பார். நாள் முழுக்க மனித உடம்புகளை உரித்துப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு அந்தக் கூச்சம் பிடித்திருந்தது. வீட்டிலாவது ஓர் உடம்பு மூடி இருக்கட்டுமே என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த வாரம் அவர் சாப்பாட்டு மேசையில், நாற்காலியின் ஓர் ஓரத்தில் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

"என்னங்க, கோணலா உக்காந்திருக்கீங்க?"

"முதுகு பிடிச்சிருக்கு. பஸ் சீட்டு சரியில்ல."

அவள் கைப்பையிலிருந்து வலி மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். மறுநாளும் கொடுத்தாள். சர்க்கரை உள்ள மனிதர், அதற்கான மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுகிற மனிதர். அதையும் திட்டிவிட்டுப் படுக்கப் போனாள். வேலை முடிந்து வந்தால் அவளுக்குக் கண் தானாக மூடும்.

முதுகுமில்லை, சீட்டுமில்லை. தொடை உடம்போடு சேருகிற இடத்தில் அவருக்கு ஒரு கட்டி வந்திருந்தது. தெரிந்த மருந்துக் கடையில் கேட்டால் மனைவி காதுக்குப் போய்விடும் என்று வேறு தெருவுக்குப் போய்க் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருந்தார். இதைக் கடைசி வரை மூடி வைத்து வாசகரை ஏமாற்றுவதில் அர்த்தமில்லை. ஏமாந்தவர்கள் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறார்கள்.

காலை நேரத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டதும் அவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. வாந்தி எடுத்தார். இன்னோர் ஓட்டுநர் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்து அவசரப் பிரிவு வாசலில் இறக்கினார். வாசலில் உட்கார்ந்து நோயாளிகளைப் பிரித்து அனுப்புகிற நர்ஸ், அவரைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள்.

"ஐயோ, நம்ம மேடத்தோட சார்!"

அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் அந்த நாடித் துடிப்புக்கும் அந்த இரத்த அழுத்தத்துக்கும் நேராக நடுக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். சுற்றிலும் ஆட்கள், தலைக்கு மேல் வெளிச்சம், மறைவென்று எதுவும் இல்லாத இடம். "சாரை எப்படி அங்க போய் படுக்க வைக்கிறது?" என்றாள் ஒருத்தி. டாக்டர்கள் ஓய்வெடுக்கிற அறைக்குப் பக்கத்தில் கதவோடு ஒரு சின்ன அறை இருந்தது. பெரிய இடத்து ஆட்கள் வந்தால் திறப்பார்கள். அதைத் திறந்தார்கள், ஏசி போட்டார்கள், வெள்ளை விரிப்பு மாற்றினார்கள். வாந்தி வாடை சாருக்குச் சங்கடமாக இருக்குமென்று ஒருத்தி வாசனை ஸ்ப்ரேகூட அடித்தாள். நரம்பு தேடுவதில் யார் கை மென்மையோ அவளை மாடியிலிருந்து வரவழைத்து ஊசி ஏற்றினார்கள். ராஜ உபசாரம் என்பது இதுதான்.

கத்தரி ஓடி வந்தபோது அவர் தலையணையில் சாய்ந்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"ஒண்ணுமில்ல. லேசா குளிரு. இவங்கதான் பெருசு பண்றாங்க."

"வாய மூடிட்டு படுங்க" என்றாள் அவள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அனல் இல்லை, வெதுவெதுப்புதான். அனலை அடக்கி வைத்திருந்தது அவள் கொடுத்த மாத்திரை என்பது அப்போது தோன்றவில்லை. வேறொருவர் மனைவி வந்து நின்றிருந்தால், "என்ன மாத்திரை கொடுத்தீங்க? எப்ப கொடுத்தீங்க?" என்று கத்தரிதான் முதல் ஆளாகக் கேட்டிருப்பாள்.

பிரிவின் தலைமை டாக்டரே நேரில் வந்தார். சீஃப் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நல்ல டாக்டர், நல்ல மனிதர், வாய் ஓயாத கிண்டல்காரர். சொல்லப் போனால் இந்தக் கதையில் கெட்டவர்கள் யாருமில்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

"என்ன சார், மேடத்துக்கு பயந்து இங்க வந்து படுத்துட்டீங்களா? தப்பான இடத்துக்கு வந்துட்டீங்களே!"

அவர் சிரித்தார். சீஃப் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். சட்டையைத் தூக்காமலே வயிற்றை அமுக்கினார். நாக்கைப் பார்த்தார். வெளியில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை தடவை வாந்தி என்று விசாரித்தார்.

"வயித்து இன்ஃபெக்‌ஷன்தான் மேடம். தண்ணி வத்தியிருக்கு, அதான் பிரஷர் கம்மி. ரெண்டு பாட்டில் ஏத்துனா எழுந்து பஸ் ஓட்டுவாரு."

அந்த நேரத்தில்தான் புது டாக்டர் உள்ளே வந்தாள். சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மூக்குக் கண்ணாடியும் பயந்த முகமுமாக இருப்பாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண். ஒரு கையில் ஆஸ்பத்திரி அங்கி, மறு கையில் கத்தரிக்கோல்.

"சார், டிரெஸ் மாத்தணும். ஒரு தடவ முழுசா பாத்துட்டா..."

அவர் படுத்த வாக்கிலேயே போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டார். பெண்டாட்டியைப் பார்த்தார். மாட்டிக்கொண்ட பிள்ளையின் பார்வை அது. அந்தப் பார்வைக்கு அவள் மனம் இளகிவிட்டது. இத்தனை பேர் மானத்தையும் ஒரு வெட்டில் ஒதுக்கித் தள்ளியவளுக்குத் தன் ஆள் என்றதும் கை வரவில்லை.

"விடும்மா. அவரு ரொம்ப கூச்சப்படுவாரு" என்றாள்.

புது டாக்டர் தயங்கினாள். "இல்ல மேடம், நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க, யாரா இருந்தாலும்..."

"அட, மேடம் பாக்காததையா நீ புதுசா பாத்துடப் போற?" என்றார் சீஃப்.

அறை முழுக்கச் சிரித்தது. நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். படுத்திருந்தவரும் கன்னம் சிவக்கச் சிரித்தார். கத்தரியும் சிரித்தாள். புது டாக்டர் மட்டும் முகம் கறுத்து, அங்கியை மடித்து வைத்துவிட்டு வெளியே போனாள். ஓர் உயிர் போவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. அதில் ஒரு நகைச்சுவையும் அடக்கம்.

ஒரு சலுகை கொடுத்தால் அடுத்த சலுகை தானாக வரும். மணிக்கட்டில் குத்தி எடுக்கிற இரத்தம் ரொம்ப வலிக்கும், சாருக்கு வேண்டாம் என்றார்கள். பிரஷர் இவ்வளவு குறைந்தவர்களுக்குச் சிறுநீர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கக் குழாய் போடுவது வழக்கம். "சீ, சாருக்குப் போய்..." என்று விட்டுவிட்டார்கள். அவர் தூங்கட்டும் என்று மானிட்டரின் சத்தத்தைக் குறைத்தாள் ஒருத்தி, வெளிச்சத்தைக் குறைத்தாள் இன்னொருத்தி, கதவைச் சாத்தினாள் மூன்றாமவள். எல்லாம் அன்பினால்.

கத்தரி சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வெளியில் சத்தம் கேட்டது. தன் புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் மற்ற நோயாளிகளை யார் பார்ப்பது என்று புடவைத் தலைப்பை இடுப்பில் செருகுகிற மாதிரி மனத்தைச் செருகிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

பேருந்து நிலையத்தில் சுருண்டு கிடந்த ஓர் ஆளைப் போலீஸ்காரர் ஒருவர் கொண்டுவந்திருந்தார். ஊர் பேர் தெரியாது. சாராய நெடி பத்தடிக்கு முன்னால் வந்தது. காய்ச்சல் கொதித்தது, பிரஷர் தரையில் கிடந்தது. உளறிக்கொண்டே பக்கத்தில் வந்தவர்களை உதைத்தான்.

"குடிச்சுட்டு கிடக்கறான் மேடம், வேறென்ன?" என்றார் போலீஸ்காரர்.

"குடிச்சவனுக்கும் தோல் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவள் கத்தரியை எடுத்தாள். சட்டை இரண்டாகப் பிரிந்தது. அழுக்கேறி விறைத்துப்போன கால்சட்டை கர்ர்ரென்று கிழிந்தது. நான்கு பேர் பிடித்துப் புரட்டினார்கள். பின்தொடையில் கறுத்து, பளபளத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம். விரலால் அழுத்தினாள். தோலுக்கடியில் உப்புக் கல்லை நொறுக்குவது போல நறநறவென்றது. சதை அழுகிக்கொண்டே பரவுகிற நோய் அது. பரவிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு மணியும் ஓர் அங்குலம். மருந்து மட்டும் போதாது, வெட்டி எடுக்க வேண்டும், அதுவும் உடனே.

"சர்ஜன கூப்பிடு. வேலை இருக்குன்னா, நான் கூப்பிட்டேன்னு சொல்லு."

சர்ஜன் ஓடி வந்தார். எல்லாம் முறைப்படி நடந்தது. கழுத்தில் குழாய், சிறுநீர்க் குழாய், மணிக்கட்டு ஊசி, ஆன்டிபயாடிக், கையெழுத்துப் போட உறவினர் இல்லாததால் இரண்டு டாக்டர்களின் கையெழுத்து. அவன் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே அறுவைச் சிகிச்சைக்குப் போனான். அவனுக்கு யாரும் மரியாதை கொடுக்கவில்லை. அதனால் அவனுக்குத் தேவையான அத்தனையும் கிடைத்தது.

ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், வெள்ளை விரிப்பில், வாசனை அடித்த அறையில், சட்டைப் பொத்தான்கூடத் திறக்காமல் அவள் கணவர் படுத்திருந்தார்.

காலையில் ஊசி ஏற்றும்போதே எடுத்த இரத்தத்தின் பரிசோதனை முடிவு மதியத்துக்கு மேல் வந்தது. புது டாக்டர் அதைப் பார்த்துவிட்டு சீஃபிடம் எடுத்துக்கொண்டு ஓடினாள். வெள்ளணுக்கள் ஏகத்துக்கு ஏறியிருந்தன, சிறுநீரகக் கணக்கும் சரியில்லை.

"சுகர் உள்ளவரும்மா. தண்ணி வத்துனா அப்படித்தான் காட்டும். இன்னொரு பாட்டில் போகட்டும், நாளைக்கு திருப்பி எடுப்போம்" என்றார் சீஃப். பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்ம ஆளு. சும்மா சும்மா குத்தி பயமுறுத்தாத" என்றார். அவர் சொன்னது பொய்யுமில்லை. பாதி உண்மை. ஆளைக் கவிழ்க்க அது போதும்.

சாயங்காலம் கத்தரி கையைக் கழுவிவிட்டு அந்த அறைக்கு வந்தாள். வாசலில் நின்ற நர்ஸ் உதட்டில் விரலை வைத்தாள்.

"நல்லா தூங்கறாரு மேடம். எழுப்பாதீங்க, பாவம்."

அவள் கதவைத் திறந்தாள். மங்கல் வெளிச்சத்தில் அவர் மூச்சு வாங்குவது தெரிந்தது. தூங்குகிற மனிதனின் மூச்சு அல்ல அது. ஏறி ஓடுகிறவனின் மூச்சு. விளக்கைப் போட்டாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. கூப்பிட்டாள், கண் பாதி திறந்து மூடியது. போர்வையைக் காலிலிருந்து விலக்கி, பேன்ட்டை முழங்காலுக்கு மேல் ஏற்றினாள். முழங்காலைச் சுற்றி ஊதாத் திட்டுகள். பாதம் ஐஸ் கட்டியாக இருந்தது. அப்போதுதான் வாசனை ஸ்ப்ரேக்கு அடியிலிருந்து அந்த நாற்றம் அவள் மூக்குக்கு எட்டியது. பேருந்து நிலையத்து ஆளைப் புரட்டியபோது சாராய நெடியையும் மீறி வந்த அதே அழுகல் நாற்றம்.

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துபோனது. நாற்காலி ஓரம், கோணல் உட்காரல், மாத்திரை, அங்கி, சிரிப்பு. கத்தியதாகப் பிறகு சொன்னார்கள். அவளுக்கு ஞாபகமில்லை. கத்தரியை எடுத்து இடுப்பு வாரிலிருந்து கீழே வெட்டத் தொடங்கினாள். நர்சுகளும் டாக்டர்களும் அறைக்குள் மோதிக்கொண்டு வந்தார்கள். அவர் கண்ணைத் திறந்தார். பேன்ட்டைப் பிடித்துக்கொள்ளக் கை தேடியது.

"கதவ சாத்தேன்" என்றார். "எல்லாரும் இருக்காங்க."

"இருக்கட்டுங்க" என்றாள். கதவைச் சாத்தச் சொன்னதுதான் அவர் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு.

தொடை இடுக்கில் தொடங்கிய கறுப்பு ஒரு பக்கம் அடிவயிற்றுக்கும் மறு பக்கம் இடுப்புக்குப் பின்னாலும் ஏறிப் போயிருந்தது. விரல் வைத்தாள். நறநறவென்றது. வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. ஆனாலும் ஓடினார்கள். காலையில் வேண்டாமென்று விட்ட அத்தனை குழாய்களையும் ஊசிகளையும் ஒரே நேரத்தில் அவர் உடம்பில் செருகினார்கள். சர்ஜன் வெகுநேரம் வெட்டினார். வெளியே வந்தவர் முகமூடியை இறக்கிக்கொண்டே, "என்ன மேடம், இதையே காலைல கூப்பிட்டிருந்தா..." என்று தொடங்கினார். எதிரில் நிற்பவள் நர்சாக நிற்கவில்லை, அந்த நோயாளியின் மனைவியாக நிற்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "பாப்போம் மேடம். நல்லா செஞ்சிருக்கோம்" என்று முடித்தார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவருக்கு ஜன்னலோரப் படுக்கை கொடுத்தார்கள். பார்வையாளர் நேரம் அவளுக்குக் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் வரலாம். உட்கார மெத்தை வைத்த நாற்காலி போட்டார்கள். டீ கொண்டுவந்தார்கள். சீஃப் தினமும் வந்து தோளைத் தட்டினார்.

"நல்லா ரெஸ்பாண்ட் பண்றாரு மேடம். தைரியமா இருங்க."

பிரஷரைத் தூக்கி நிறுத்துகிற மருந்து போகிற பம்ப், அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. அந்த எண் ஏறிக்கொண்டே போனது. சிறுநீர்ப் பை காலியாக இருந்தது. ஆயுள் முழுக்க இந்த எண்களைப் படித்துச் சோறு தின்றவளிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். இதே எண்களைப் பார்த்துவிட்டு எத்தனை குடும்பங்களை அழைத்து உட்காரவைத்து உண்மையைச் சொல்லியிருக்கிறாள்! அவளிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவள் அவர்களை வெறுத்தாள். அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டேதான் வெறுத்தாள்.

கை கழுவுகிற தொட்டியருகே புது டாக்டர் அவளைப் பிடித்துக்கொண்டாள். கண் வீங்கியிருந்தது.

"நான் கேக்காம பாத்திருக்கணும் மேடம். நீங்க சொன்னாலும், அவங்க சிரிச்சாலும்."

"ஆமா, பாத்திருக்கணும்" என்றாள் கத்தரி.

அந்தப் பெண் ஆறுதலை எதிர்பார்த்து வந்திருக்கலாம். கொடுக்க அவளிடம் ஒன்றுமில்லை. குழாயை மூடிவிட்டு, "பம்ப் எண் எவ்வளவு தூரம் போகும்னு நினைக்கற?" என்று கேட்டாள்.

"இதுக்கு மேல ஏத்த முடியாது மேடம். நாளைக்கு தாண்டாது."

"நன்றிம்மா" என்றாள். அத்தனை நாளில் அந்தக் கட்டடத்தில் ஒருவர் அவளை மற்றவர்களைப் போல நடத்தியது அப்போதுதான்.

திரும்பி வருகிற வழியில் ஆண்கள் வார்டிலிருந்து கூச்சல் கேட்டது. பேருந்து நிலையத்து ஆள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"என் சட்டைய எவன் வெட்டுனது? புது சட்டை! எனக்கு ஒரு சட்டை வாங்கிக் குடு!"

கட்டு மாற்றுகிற நேரம். அவள் நின்று அவன் காயத்தைப் பார்த்தாள். ஆழமான பள்ளம்தான், ஆனால் அடியில் சதை சிவந்து உயிரோடு இருந்தது. அருமையான காயம். அவன் பிழைத்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. அப்படி நினைத்ததற்கு வெட்கப்படவுமில்லை. கட்டை எப்படி இறுக்காமல் கட்ட வேண்டும் என்று நர்சுக்குச் சொல்லிவிட்டு ஜன்னலோரப் படுக்கைக்குப் போனாள்.

மறுநாள், முன்பகலில், நல்ல வெயில் ஜன்னல் வழியாக அவர் கால் மேல் விழுந்துகொண்டிருக்கும்போது, அவர் போனார். மகள் வந்து சேர்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சாவுக்கும் நடக்காத வேகத்தில் காகித வேலை நடந்தது. நர்சுகள் தாங்களே அவரைக் குளிப்பாட்டி, சுத்தமான உடுப்புப் போட்டு, பொத்தான்களைக் கழுத்து வரை போட்டுவிட்டார்கள்.

காரணம் எழுதுகிற இடத்தில், தவிர்க்க முடியாத நோய்த்தொற்று என்று எழுதியாயிற்று. இப்படிப் போன உயிர்களைப் பற்றி மாதம் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து, எங்கே தவறினோம் என்று பேசுவார்கள். அந்தக் கூட்டத்தை விடாமல் நடத்த வைத்தவளும் அவள்தான். "நம்ம மேடத்தோட துக்கத்த அங்க வச்சுப் பேசுறது நல்லா இருக்காது" என்று அதை மட்டும் எடுத்துவிட்டார்கள். இதுவும் அன்பினால்தான். எந்தச் சிரிப்பு யார் வாயிலிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்கப் போவதில்லை.

வெளி வராந்தாவில் கணவரின் அண்ணன் நின்றிருந்தார். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். சீஃப் வெளியே வந்ததும் அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"எங்களால முடிஞ்சதெல்லாம் பண்ணோம் சார்" என்றார் சீஃப். அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. பொய்த் தண்ணீர் இல்லை. "நம்ம மேடத்தோட சார்னு ஸ்பெஷலா பாத்தோம். வந்த நிமிஷத்துல இருந்து."

"தெரியும் டாக்டர். எல்லாம் சொன்னாங்க. தனி ரூமு, ஏசி, நீங்களே நேர்ல வந்து... பெத்த பிள்ளைய பாக்கற மாதிரி பாத்திருக்கீங்க. இந்தக் கடன நாங்க எப்படித் தீக்கப் போறோம்?" பிறகு அவர் தம்பி மனைவி பக்கம் திரும்பினார். அவள் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "அழாதம்மா. அவனுக்கு ஆயுசு அவ்வளவுதான். ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்க. ரோட்ல போறவன் எவனாவது இந்தக் காய்ச்சலோட வந்திருந்தா இப்படி கவனிச்சிருப்பாங்களா? உன்னாலதான், உன் முகத்துக்காகத்தான் அவனுக்கு இவ்வளவும் கெடச்சுது."

அவள் அழவில்லை. தலையை நிமிர்த்தி முதலில் சீஃபைப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"ரோட்ல போறவரா வந்திருந்தா பொழைச்சிருப்பாரு அத்தான்" என்றாள். "என் புருஷனா வந்ததாலதான் செத்தாரு."

சீஃபுக்குப் பின்னால் நின்ற புது டாக்டர் வாயைத் திறந்தாள், சீஃபின் முதுகைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அண்ணன் பதறிப்போனார். இத்தனை செய்த மனிதர் முகத்துக்கு நேரே இப்படியொரு பேச்சா என்று அவருக்கு உடம்பு கூசியது.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. புருஷன் போன துக்கத்துல என்ன பேசறோம்னு தெரியாம பேசறா. அவ சார்பா நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

சீஃப் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அண்ணனின் தோளில் கை வைத்தார்.

"பரவால்ல சார்" என்றார். "நம்ம மேடம்தானே. நாங்க ஒண்ணும் மனசுல வச்சுக்க மாட்டோம்."